இரண்டாவது செவ்வாய்

“ஊர் பூரா புதன்கிழமை, நம்ம வீட்டு அடுப்புல மட்டும் இன்னும் செவ்வாய்க்கிழமையா?” என்று ரெமிஜியுஸ் மறுபடியும் கேட்டார். முதலில் கேட்ட அதே சொற்கள், அதே இழுவை, கோயிலில் மன்றாட்டுக்குப் பதில் சொல்லுகிறவரைப் போல. ஜெசிந்தா கையைக் கழுவிக்கொண்டே, “ஆமா, செவ்வாய்தான். சாயங்காலம் அஞ்சரைக்குப் புதன் வந்துரும். வந்ததும் பொரிச்சுத் தாரேன்” என்றாள். “அஞ்சரை வரைக்கும் மீன் காத்துக்கிடக்குமா? விளமீன்டி. கரையில போய் நின்னு, கண்ணு வெளுக்காததாப் பொறுக்கி வாங்கிட்டு வந்திருக்கேன். அது செத்ததே புதன்கிழமைதான். அதுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல.” வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவள் சொல்ல, புதன்கிழமை மீன் வாங்க எந்த ஊரில் ஒருத்தன் பெண்டாட்டியிடம் உத்தரவு கேட்கிறான் என்று அவர் கேட்க, இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தபடியால் சண்டை முடிகிற வழியைக் காணோம். மகள் ஆஷ்லின் வேலைக்காக முதல் கப்பலில் ஏறிய வாரம் ஜெசிந்தா போட்ட நேர்ச்சை அது: பிள்ளை தண்ணீரில் இருக்கிற காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை இந்த வீட்டில் மீனும் கறியும் கிடையாது. செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர். காணாமல் போன பிறகு போய் அவர் காலில் விழுவதைவிட முன்கூட்டியே சொல்லிவைப்பது புத்திசாலித்தனம் என்பது ஜெசிந்தாவின் கணக்கு. இப்போது சுரபாயாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போகிற அந்தச் சரக்குக் கப்பல் பசிபிக்கின் நடுவே தேதிக் கோட்டைத் தாண்டிவிட்டது, கிழக்கே போகிறவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு நாள் திரும்பவும் வரும், கப்பலில் நேற்றும் செவ்வாய், இன்றும் செவ்வாய், இங்கே சாயங்காலம் அஞ்சரை ஆகும்போதுதான் அங்கே நடுராத்திரி. இதை விளக்கச் சொன்னால் அவள் விளக்கத் தயார். கேட்கத்தான் ஆளில்லை. முப்பது வருஷமாய் ஷிப்பிங் ஆபீசில் உட்கார்ந்து கப்பலுக்குப் பில் போடுகிற மனுஷனுக்குத் தேதிக் கோடு தெரியாமல் இல்லை. மீன் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கடைசியாக ஒன்று சொன்னார், அதைத்தான் சொல்லாமல் போயிருக்கலாம். “அவளுக்காகப் பட்டினி கிடக்கத் தெரியுது. நேத்து அவ என்ன சொன்னான்னு நினைவிருக்கா? ‘அம்மாவுக்கு நான் எங்க இருக்கேன்னுதான்பா வேணும், எப்படி இருக்கேன்னு வேண்டாம்.’ நான் கூட்டலை, குறைக்கலை.” “நேத்து ராத்திரின்னு அவ என்னமோ சொல்ல வந்தாளே, அது என்ன? உங்ககிட்டச் சொன்னாளா?” “சொன்னா. பயப்படுத மாதிரி ஒண்ணுமில்ல. நீயே அவகிட்டக் கேளு.” பைக் கிளம்பிற்று. வாசல் கேட்டைச் சாத்தாமல்தான் போனார். எந்தக் கிழமையானாலும் அந்தக் கேட்டை அவர் சாத்தினது கிடையாது.

மீன் பாத்திரத்திலிருந்து அவளைப் பார்த்தது. கண் வெளுக்கவில்லை என்பது வாஸ்தவம். மஞ்சளும் உப்பும் தடவி, மூடி, ஃபிரிட்ஜில் தள்ளிக் கதவை இடுப்பால் சாத்தினாள். நேர்ச்சையில் மீனைத் தொடக்கூடாது என்று எங்கே இருக்கிறது, சேர்க்கக்கூடாது என்றுதானே. அந்தோனியார் இதற்கெல்லாம் கோபப்படுகிறவர் இல்லை, அவரே ஒருதரம் மீன்களுக்குப் பிரசங்கம் பண்ணினவர், கேட்டுவிட்டு அவை ஒழுங்காகத் தண்ணீருக்குள் போய்விட்டன, பதில் பேசவில்லை, ரெமிஜியுசைப்போலவா. எங்க இருக்கேன்னுதான் வேணும், எப்படி இருக்கேன்னு வேண்டாம். பிள்ளைகளுக்கு வசனம் எப்படித்தான் வந்து விழுகிறதோ. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ் மனப்பாடப் பகுதிக்கு உயிரை விட்டவள், இப்போது பசிபிக்கில் நின்றுகொண்டு எதுகை மோனையோடு தாயைக் குத்துகிறாள். அதுவும் என்னிடம் சொல்லாமல் அப்பாவிடம். ஸ்பீக்கரில் போட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா, காது கேட்காத கிழவர் மாதிரி எதையும் ஸ்பீக்கரில் போடுகிறவர் என்று உலகத்துக்கே தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அடுப்பில் பருப்பு குக்கர் முதல் விசிலுக்கு முனகத் தொடங்கியது. ஜெசிந்தா சாப்பாட்டு மேசைக்கு வந்து, உப்பு ஜாடிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே உலக மேப்போடு திறந்து கிடந்த லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அந்தச் சனியன் பிடித்த சிவப்புக் கோடு இன்னும் அங்கேதான் கிடந்தது, உலகத்தின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும், துணி காயப்போடக் கட்டின கயிறு மாதிரி.

விடிகாலையில் இந்தக் கோட்டைப் பார்த்தபோது பயந்தது உண்மை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. தினமும் கப்பலில் நண்பகல் ஆனதும் ஆஷ்லின் இருக்கிற இடத்தின் அளவை அனுப்புவாள், இங்கே அது காப்பி நேரம். இரண்டே எண்: தெற்கு வடக்குக்கு ஒன்று, கிழக்கு மேற்குக்கு ஒன்று. போன விடுமுறையில் வந்தபோது அவளே இந்த மேப்பை உண்டாக்கிக் கொடுத்து, எண்ணைத் தட்டினால் குண்டூசி மாதிரி ஒரு பின் விழும், ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குத் தானாகக் கோடு இழுத்துக்கொள்ளும் என்று காட்டிவிட்டுப் போனாள். கிழக்கு என்றால் சும்மா எண், மேற்கு என்றால் முன்னால் ஒரு கழித்தல் குறி, மறந்திராதீங்கம்மா. மறக்கவில்லையே. சுரபாயாவிலிருந்து ஒவ்வொரு பின்னும் வரிசையாக, சங்கிலித் தையல் போட்டமாதிரி, வலப்பக்கம் நகர்ந்துகொண்டே வந்தது. இன்றைக்கு எண்ணுக்குப் பக்கத்தில் மேற்கு என்று வந்தது. நூற்று எழுபத்தொன்பது மேற்கு. சரி, மேற்கு என்றால் கழித்தல். கழித்தலைப் போட்டுத் தட்டினாள். பின் விழவில்லை. இவ்வளவு நாளும் விழுந்த இடத்தில், கடைசிப் பின்னுக்குப் பக்கத்தில், வெறும் நீலம். கப்பலைக் காணோம். அந்த ஒரு நிமிஷம், ஒரு நிமிஷமோ அரை நிமிஷமோ, காப்பி டம்ளர் எங்கே வைத்தாள் என்றுகூடத் தெரியவில்லை, பிறகு அதைத் துணி துவைக்கிற மெஷின் மேலிருந்து எடுத்தாள். அப்புறம்தான் கோட்டைப் பார்த்தாள். கடைசிப் பின்னிலிருந்து அது திரும்பி, வந்த வழியே, எதையும் பொருட்படுத்தாமல், பிலிப்பைன்சின் காலை வெட்டி, இலங்கையின் தலையைச் சீவி, பெரிதாக்கிப் பார்த்தால் சரியாகத் தூத்துக்குடி மேல், உப்பளம் மேல், கோயில் மேல், ஏறத்தாழ இந்த வீட்டு மொட்டைமாடித் தொட்டி மேல், பிறகு சோமாலியா, எத்தியோப்பியா, நைஜீரியா, பனாமா என்று போய், உலகத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற ஒற்றைப் பின்னில் முடிந்தது. நேற்று அங்கே இருந்த கப்பல் இன்று இங்கே. என் பிள்ளையை யாரோ தூக்கி வீசினமாதிரி. அப்போதும் அவள் நினைத்தது தன்னைத்தான்: நான் கேட்கவில்லை, நேற்று ராத்திரி என்று அவள் தொடங்கினாள், நான் கேட்கவில்லை.

நேற்று மதியம் போன் வந்தபோது ஜெசிந்தா அப்பளத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். “அம்மா, நேத்து ராத்திரி வாட்ச் டூட்டியில இருக்கும்போது—” என்று ஆஷ்லின் தொடங்கினாள். “அது கிடக்கட்டும்டி, நேத்து நீ அனுப்பின எண்ல கடைசி இலக்கம் மூணா எட்டா, எனக்கு மங்கலா வந்திருக்கு.” “எட்டு. அப்பாகிட்டக் குடுங்க.” கொடுத்தாள். அப்பளம் கருகிவிட்டது, அதில் இருந்தது கவனம். அப்புறம்தான் ஸ்பீக்கரில் அந்த வசனம். அதற்கு இவள் சும்மா இருந்தாளா, இருந்தால்தான் ஜெசிந்தா இல்லையே, “கடல்ல கிடந்தாலும் வாய் மட்டும் கரையிலதான் நிக்குது” என்று அடுக்களையிலிருந்தே எறிந்தாள். அது போய்ச் சேர்ந்திருக்கும். நல்ல கணீர்க் குரல், கான்வென்ட்டில் எல்லா வருஷமும் வரவேற்புரை படித்த குரல், மைக் இல்லாமல் கடைசி பெஞ்சுக்குப் போகும் குரல், பசிபிக்குக்குப் போகாதா. போயிருக்கும். ரெமிஜியுஸ் போனோடு வாசலுக்குப் போய்விட்டார், மிச்சம் பேசினது இவள் காதில் விழவில்லை. கப்பலில் யாரும் தாயிடம் பேச்சு வாங்கிவிட்டு எங்கே போய் உட்காருவார்கள்? மேலே ஒரு டெக், கீழே ஒரு டெக், சுற்றிலும் தண்ணீர். கோபித்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போகிற பிள்ளை அது.

குக்கர் விசில் அடித்தது. தேதிக் கோடு ஞாபகம் வந்தது அதற்கு முந்தின சமையலில், அதாவது விடிகாலையில் இட்லி வேகும்போது. இட்லிப் பானையிலிருந்து ஆவி வந்து மூக்குக்கண்ணாடியை மறைத்தது; துடைத்துப் போட்டவுடன், நேரே எதிரே பதினைந்து வயசு ஜெசிந்தா நின்றாள், ரெட்டைப் பின்னலும் மடிப்புக் கலையாத நீலப் பாவாடையுமாக, உலக வரைபடத்தைக் கத்தரித்து ஹார்லிக்ஸ் டின்னில் சுற்றி ஒட்டிக்கொண்டு. சிஸ்டர் கன்சீலியா கொடுத்த வீட்டுப்பாடம். படத்தில் ஒரு ஓரத்தில் ரஷ்யாவின் மூக்கு, இன்னொரு ஓரத்தில் அலாஸ்காவின் மூக்கு, இவ்வளவு தூரம் என்று நினைத்திருந்த இரண்டும் டின்னில் சுற்றினதும் முத்தம் கொடுக்கிறமாதிரி கிட்டே வந்துவிட்டன. ஒட்டும்போது கோந்து வழிந்து ஒரு தீவு காணாமல் போனது. படத்துக்குத்தான் ஓரம், உலகத்துக்கு ஓரம் இல்லை. நூற்று எண்பதாவது கோடு என்பது படம் வரைகிறவன் கத்தரி வைத்த இடம். அங்கே போகிற கப்பல் விழுவதுமில்லை, திரும்புவதுமில்லை, அதுபாட்டுக்குப் போகிறது, படத்தில்தான் அது ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் முளைக்கிறது. இது தெரிந்தும் பயந்தேனே. பூகோளத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினவள் இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டு அந்தோனியாரே அந்தோனியாரே என்று நின்றேனே. அந்த நேரத்தில் உடம்பிலிருந்து என்னவோ ஒன்று இறங்கிப்போனது. நாள் முழுக்கக் குடத்தைச் சுமந்துவிட்டு இறக்கினால் கை தானாக மேலே எழும்புமே, அதைப்போல. சத்தமாகச் சிரித்துவிட்டாள். ரெமிஜியுஸ் குளியலறையிலிருந்து “என்னட்டி” என்றார். “ஒண்ணுமில்ல, கப்பல் இருக்கு” என்றாள். “எங்க போச்சு, இல்லாம இருக்க?” சொல்லவில்லை. சொன்னால் வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்.

ஆனாலும் படத்தில் கோடு கிடக்கிறதே. படத்தை அவள் மட்டுமா பார்க்கிறாள். பெருமை தாங்காமல் அதன் லிங்க்கைத் தெருச் செபக்கூட்டமான அன்பியத்தின் வாட்ஸப்பில் போட்டுத்தொலைத்தது அவள்தான், தெருவில் உள்ள முப்பது வீட்டுக்கும் இப்போது ஆஷ்லின் கப்பல்தான் சீரியல். நினைத்ததும் போன் அடித்தது. வியாகுலம் அக்கா. அன்பியத்துக்குத் தலைவி, செபமாலையைப் பத்துக்கு எட்டாக முடிக்கிறவள், ஊர்ச் செய்தியை எட்டுக்குப் பத்தாகச் சொல்லுகிறவள். “ஏ ஜெசி, உன் மக கப்பலு நம்ம ஊர் மேல போயிருக்கே, என்னது? லீவுக்கு வாராளா?” “கப்பல் எப்படிக்கா ஊர் மேல போகும்?” “அதானே நானும் கேக்கேன். உப்பளத்துக்கு நடுவால போயிருக்கு. எங்க வீட்டுக்காரரு ஆப்பிரிக்காவுல காட்டுக்குள்ள போயிருக்குன்னு சொல்லுதாரு. ஏதும் கடத்திக்கிடத்திட்டுப் போயிட்டானுவளா? கூட்டத்துல ஒரு செபம் வைப்போமா?” “செபமெல்லாம் வேண்டாம்கா, இது படம் பண்ணின கோளாறு. கப்பல் தேதிக் கோட்டைத் தாண்டியிருக்கு. ஒரு டின்னு எடுத்துக்கிடுங்க—” “டின்னா?” “இல்லக்கா, ஒண்ணுமில்ல. பிள்ளை நல்லா இருக்கா.” “நல்லா இருக்காளா? பேசுனியா? எப்படி இருக்கா?” எப்படி. எல்லோருக்கும் இன்றைக்கு அந்தச் சொல்தானா கிடைத்தது. “இருக்காக்கா” என்று வைத்தாள். இருக்கா. அது பொய்யில்லை. நூற்று எழுபத்தொன்பது மேற்கில் இருக்கிறாள்.

எங்கே என்று கேட்பது என்ன அவ்வளவு சின்னக் கேள்வியா? இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். ஜெசிந்தாவின் தாய்மாமா மாலத்தீவுக்குத் தோணி ஓட்டினவர். உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு போன தோணி ஒரு தடவை வர வேண்டிய நாளில் வரவில்லை. துறைமுகத்தில், தோணி ஆபீசில், தந்தி ஆபீசில், அத்தை போகிற இடமெல்லாம் ஒரே ஒரு சொல்லைத்தான் கேட்டாள். எங்க. எப்படி என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை, பசியோடு இருக்கிறாரா, காய்ச்சலா, மனசு எப்படி, எதுவும் இல்லை. எங்க என்பதற்கு ஒரு பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பாய் கிழிந்து, எங்கேயோ ஒரு தீவில் ஒதுங்கி, கறுத்து மெலிந்து மாமா வந்து சேர்ந்தார், வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, “எங்க கிடந்தீரு?” என்றுதான் கேட்டாள், அழக்கூட இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். என் அகராதியில் எங்கே என்றால் எப்படி என்றும் அர்த்தம், சாப்பிட்டாயா என்றும் அர்த்தம், நீ இல்லாமல் இந்த வீடு வீடாக இல்லை என்றும்தான் அர்த்தம். அதை அவள் புரிந்துகொண்டால் என்னவாம். புரியும்படி சொல்லாதது யார் தப்பு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, சிஸ்டர் கன்சீலியாவின் குரல் மாதிரி இருந்தது, அதை உட்காரச் சொன்னாள்.

உட்காரவில்லை. சரி, உள்ளதைச் சொல்வோம், மீனைத் தவிர இங்கே யாரும் இல்லை. முதல் கப்பலில் போன புதிதில் எப்படி இருக்க என்று ஜெசிந்தா ஒருநாள் கேட்கத்தான் செய்தாள். கான்வென்ட்டில் தினம் காலையில் ஹவ் ஆர் யூ கேர்ல்ஸ் என்று சிஸ்டர் கேட்க, ஃபைன் தேங்க்யூ சிஸ்டர் என்று நாற்பது பேரும் ஒரே ராகத்தில் கத்துவார்கள், வயிற்றுவலிக்காரி, அப்பா குடித்துவிட்டு அடித்தவள், டிபன் கொண்டுவராதவள், எல்லோரும் ஃபைன். எப்படி இருக்க என்று கேட்டால் அப்படித்தான் பதில் வர வேண்டும் என்று நினைத்துக் கேட்டுவிட்டாள். ஆஷ்லின் அழுதுவிட்டாள். போனுக்குள் அழுகை என்பது சாதாரண அழுகை இல்லை, துடைக்க முந்தானை எட்டாது. வாந்தி, தூக்கமில்லை, மெஸ்ஸில் ஒருத்தன் ஒரு மாதிரியாகப் பேசினான், யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, சிக்னல் போய்விட்டது. பிறகு ஒரு வாரம் சிக்னல் இல்லை. அந்த வாரம் ஜெசிந்தா எப்படி இருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவன் வாயை ஆஷ்லினே அடைத்துவிட்டாள், கேப்டனிடம் போய்ச் சொல்லி அவனை மன்னிப்புக் கேட்க வைத்தாள், இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது, மகள் தேறிவிட்டாள், தாய்தான் தேறவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவு, யாரிடமும் சொல்லாத முடிவு, தனக்கேகூடச் சொல்லிக்கொள்ளாத முடிவு: இனிமேல் எண் மட்டும். எண் அழாது. எட்டு டிகிரி என்றால் எட்டு டிகிரி, அதற்குத் தொண்டை அடைக்காது. எப்படி என்று கேட்டால் சொல்லிவிடுவாளே என்கிற பயம். சொன்னால் இங்கேயிருந்து நான் என்ன செய்வேன், பருப்பு வேகவைப்பேன். அப்போ, அம்மாவுக்கு எப்படி என்பது வேண்டாம் என்று அவள் சொன்னது சரிதான். ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை. எட்டு, மூன்றில்லை.

இரண்டாவது விசிலா மூன்றாவதா. போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். முதலில் இந்தக் கோட்டை ஒழிக்க வேண்டும், பார்க்கப் பார்க்க எரிச்சல், இவ்வளவு பெரிய உலகத்தைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பின்னுக்குப் பக்கத்து வழியாகக் கோடு போடத் தெரியவில்லை, தெருமுனைக் கடைக்குப் போகச் சொன்னால் திருநெல்வேலி வழியாகப் போகிற ரெமிஜியுசின் தம்பி மாதிரி. அந்த யந்திரத்துக்கு உலகம் டின் என்று தெரியாது, தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தாளை நீட்ட வேண்டியதுதானே. நூற்று எண்பதோடு எண்ணை நிறுத்து என்று யார் சொன்னது? கிழக்கே போகிறவள் கிழக்கேயே போகட்டும். முழுச் சுற்று முந்நூற்று அறுபது, அதில் நூற்று எழுபத்தொன்பது போனால் நூற்று எண்பத்தொன்று. கழித்தலை அழித்தாள். கிழக்கு நூற்று எண்பத்தொன்று என்று உலகத்தில் இல்லாத ஒரு இடத்தைத் தட்டினாள், தட்டும்போது ஒரு சின்னக் கெட்ட சந்தோஷம், பரீட்சையில் சொல்லிக்கொடுக்காத வழியில் கணக்கைப் போடுகிற சந்தோஷம். யந்திரம் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒன்றும் நடக்காததுபோலக் கயிறு அறுந்து விழுந்தது. ஆப்பிரிக்கா, உப்பளம், இலங்கை எல்லாம் சுத்தமாயிற்று. நேற்றைய பின்னுக்கு அடுத்தாற்போல், அளவெடுத்துத் தைத்த அடுத்த தையலாக, இன்றைய பின் உட்கார்ந்தது. ஒரு விரற்கடை தூரம். இவ்வளவுதான் அவள் போயிருக்கிறாள். யாரும் தூக்கி வீசவில்லை. ஜெசிந்தா நாற்காலியில் சாய்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்து, துறைமுகத்திலிருந்து சங்கு ஊதுவது கேட்டு, அதற்குத் தலையைக்கூட ஆட்டினாள், ஆமாம் ஆமாம் என்று.

இந்தப் பின்னுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. படத்தைச் சுருக்கினாள், இன்னும் சுருக்கினாள். உலகம் முடிந்த இடத்தில் முடியாமல் மறுபடியும் உலகம் தொடங்கியிருந்தது: அமெரிக்கா, அதற்கப்பால் ஆப்பிரிக்கா, அதற்கப்பால் இன்னொரு இந்தியா, அதன் கால்விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு தூத்துக்குடி. திரையில் இரண்டு தூத்துக்குடி. இடப்பக்கத்தில் ஒன்று, ஆஷ்லின் விட்டுவிட்டுப் போனது, அப்பளம் கருகியது, வாய் மட்டும் கரையில் என்று ஒருத்தி கத்தியது. வலப்பக்கத்தில் ஒன்று, இன்னும் போய்ச்சேராதது. நடுவில் சிவப்புப் பின். இவ்வளவு நாளும் ஒவ்வொரு பின் விழும்போதும் வீட்டைவிட்டுத் தூரம் போகிறாள், தூரம் போகிறாள் என்றே நெஞ்சில் ஒரு தையல் பிரிந்துகொண்டிருந்தது. இப்போது பார்த்தால் இன்றைக்கு விழுந்த பின் வலப்பக்கத்து வீட்டுக்குக் கிட்டே வந்திருக்கிறது. கிழக்கே போகிறவளுக்கும் வீடு கிழக்கேதான் இருக்கிறது. கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர். அந்த வலப்பக்கத்துத் தூத்துக்குடியில் இருக்கிற ஜெசிந்தா எப்படிப்பட்டவளோ; அவளுக்கும் முட்டிவலி இருக்கும், அவள் புருஷனும் கேட்டைச் சாத்தாமல் போயிருப்பான், ஆனால் அவள் ஒருவேளை கேட்கிறவளாக இருக்கலாம். சிரிப்பு வந்தது. இட்லி வேகும்போது வந்த சிரிப்பு இல்லை, அதன் தங்கச்சி.

அங்கே இன்னும் செவ்வாய். இதை அவள் மீனுக்காகச் சொன்னாள், அந்தோனியாருக்காகச் சொன்னாள், இப்போதுதான் தனக்காக யோசித்தாள். சண்டை போட்டது செவ்வாயில். ஊருக்கெல்லாம் அந்தச் செவ்வாய் போய்விட்டது, தப்பாகப் பேசினவர்கள் தப்பாகப் பேசினதுதான், காலண்டரில் கிழித்தாயிற்று. ஆனால் அந்த ஒரு கப்பலுக்கு மட்டும் ஆண்டவர் அதே கிழமையை அழித்து, திரும்ப எழுது என்று கொடுத்திருக்கிறார், அடித்தல் திருத்தல் இல்லாமல். சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் நேரம் இருக்கிறது. இப்போது அங்கே பொழுது சாயத் தொடங்கியிருக்கும். வாட்ச் முடிந்து தூங்கி எழுந்து, முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு, டீ டம்ளரோடு டெக்கில் நிற்பாள், அல்லது நெட் கிடைக்காத ஏதோ ஒரு இரும்பு மூலையில் என்னவோ எண்ணிக்கொண்டிருப்பாள். ஜெசிந்தா போனை எடுத்தாள். பழக்கதோஷத்தில் விரல் ‘நாளைக்கு எண் அனுப்பும்போது’ என்று தொடங்கியது. அழித்தாள். ‘எப்படி இருக்க’ என்று அடித்தாள், அது கேட்டுக் கேட்டுப் புளித்த கோரஸ் மாதிரி நின்றது, அழித்தாள். அடித்து அழித்து அடித்து, இது என்ன, வரவேற்புரை எழுதின கைக்கு ஒரு வரி வரமாட்டேன் என்கிறது, ஒழிகிறது என்று மைக் படத்தை அமுக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். எண் எதுவும் நாக்கில் இல்லாதது புதிதாக இருந்தது. அழுதால் அழட்டும், அழுதால் கேட்டுக்கொண்டிருப்போம், வேறென்ன. விரலை எடுக்காமல், கடைசி பெஞ்சுக்குப் போகிற குரலில் இல்லாமல், பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம் பேசுகிற குரலில் பேசினாள். போனது. ஒற்றை டிக். மின்விசிறி சுற்றியது, குக்கர் தன் ஆவியை இறக்கிக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜில் மீன் புதன்கிழமைக்காகக் காத்திருந்தது, இரண்டு தூத்துக்குடிக்கு நடுவே பின் அசையாமல் நின்றது. ஒற்றை டிக்தான். சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று தான் பேசினதைத் தானே ஒருமுறை போட்டுக் கேட்டாள், காலியான வீட்டில் அவள் குரல் வந்தது: “ஏட்டி ஆஷ்லின், எங்கேன்னு நானே பாத்துக்கிடுதேன். நேத்து ராத்திரின்னு என்னமோ சொல்ல வந்தியே, அதைச் சொல்லு, அம்மா கேக்கேன்.”